கேட்டதற்காக அல்ல

சுற்றுலா விடுதியின் வண்டி வறண்ட ஆற்றுக்குள் இறங்குவதை ஒட்டீலிதான் முதலில் பார்த்தாள். புழுதி முன்னால் வந்தது. வண்டி பின்னால் வந்தது.

அன்று ஊர் வனவிலங்குச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். உறுப்பினர்கள் ஆற்றங்கரை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். சற்றுத் தள்ளி மூன்று கால் இரும்புப் பானைகளில் வரிக்குதிரைக் கறி வெந்துகொண்டிருந்தது. கூட்டத்துக்கு ஒரு வரிக்குதிரை என்பது வழக்கம்; இது போன ஆண்டுக் கணக்கில் கடைசி. அந்த ஆண்டு எத்தனை சுடலாம், கறியை எப்படிப் பிரிக்கலாம் என்பதையும் சங்கமே கைதூக்கி முடிவு செய்யும். ஒட்டீலி சங்கத்தின் தலைவி.

இந்த ஆண்டு ஒன்றுகூட வேண்டாம் என்று அவள் சொல்லப்போகிறாள். மழை பொய்த்து மூன்றாவது ஆண்டு. சங்கத்தின் காவலர்களோடு மலைப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். பெட்டைகளுக்குப் பின்னால் குட்டிகள் இல்லை. அதன்பிறகு வீடு வீடாகப் போய்ப் பேசினாள். கடைசியாக மசிந்தவன் அவளுடைய அத்தை மகன் லூட்விக்.

"அடுத்த வருஷம் கறியில்லாம கூட்டமா? அதுக்கு நான் சர்ச்சுக்கே போயிடுவேன். அங்கேயாவது பாட்டு இருக்கு" என்று இரண்டு வாரம் இழுத்தடித்தான். பிறகு சரியென்றான். அவன் சரியென்றால் அவனுக்குப் பின்னால் இருக்கும் பாதிப் பேரும் சரியென்பார்கள்.

வண்டி நின்றது. வெள்ளைக்காரர்கள் இறங்கினார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி டி-ஷர்ட். நெஞ்சில் ஒரு வரிக்குதிரைக் குட்டியின் படம். அவர்களை அழைத்து வந்த வழிகாட்டி கெர்சன், ஒட்டீலியின் தங்கை மகன். தொப்பியைக் கழற்றிக்கொண்டே அவளிடம் வந்தான்.

"பெரியம்மா, கோவிச்சுக்காதீங்க. மேனேஜர் கூட்டிட்டுப் போன்னுட்டாரு. ரெண்டு நிமிஷம் பேசணுமாம்."

"என்ன பேசணுமாம்?"

"சுடாதீங்கன்னு."

லூட்விக் டி-ஷர்ட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது நம்ம ஊர்க் குட்டியே இல்லடா கெர்சா. வயித்துல வரி ஓடுது பாரு. நம்ம மலைக்குதிரைக்கு வயிறு வெள்ளை. வேற யார் வீட்டுப் பிள்ளைக்கோ அழ வந்திருக்காங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அது நல்ல சிரிப்பல்ல. ஒட்டீலிக்குத் தெரிந்தது.

கேரின் என்ற பெண் முன்னால் வந்து பேசினாள். நெடுநெடுவென்று இருந்தாள். இந்த விலங்குகளைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்றாள். இவை உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை, உலகத்துக்கே சொந்தம் என்றாள். கெர்சன் தரையைப் பார்த்தபடி மொழிபெயர்த்தான்.

"நல்லதா போச்சு" என்றான் லூட்விக். "என் தண்ணித் தொட்டியை உதைச்சு உடைச்சதும் அதுங்கதான். சிமெண்ட் எடுத்துகிட்டு உலகத்தை வரச்சொல்லு."

கெர்சன் அதை மொழிபெயர்க்கவில்லை.

லூட்விக் எழுந்து ஒட்டீலியின் பக்கத்தில் வந்து நின்றான். சிரிப்பு போயிருந்தது.

"ஏ மாமன் மகளே, உன் பேச்சுக்குக் கை தூக்கறேன்னேன். வாஸ்தவம். இப்பத் தூக்கினா அந்தம்மா தூக்க வச்ச மாதிரி ஆயிடும். நாளைக்கு ஊர் ஊரா சொல்லிக்குவாங்க. என்னால முடியாது. முப்பது போடு."

"ஆமா, முப்பது!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. இன்னொரு குரல் நாற்பது என்றது.

அவர்கள் நெஞ்சில் எரிந்ததுதான் ஒட்டீலியின் நெஞ்சிலும் எரிந்தது. ஒரு காலத்தில் வெளியாட்கள் துப்பாக்கியோடு வந்து இந்த மலைகளைத் துடைத்துப் போட்டிருந்தார்கள். மிச்சத்தைக் காத்தவர்கள் இந்த ஊர் ஆண்கள். சீருடை இல்லை, துப்பாக்கி இல்லை. ஒரு பை மாவும் கொஞ்சம் சர்க்கரையும் எடுத்துக்கொண்டு கால்நடையாகப் போய்க் காவல் இருந்தார்கள். அவள் அப்பா அவர்களில் ஒருவர். இன்று விடுதிக்காரன் காசு வாங்கிக்கொண்டு காட்டும் ஒவ்வொரு வரிக்குதிரையும் அந்த நடையில் தப்பியதன் வாரிசு. யாரும் அப்பாவிடம் வந்து கேட்டுக்கொள்ளவில்லை. அவராகப் போனார்.

முப்பது சுட்டால் மலையில் மிஞ்சுவது எலும்புதான். சுடாமல் விட்டால் இந்த ஜனங்கள் தலைகுனிந்து வீடு போவார்கள். இரண்டையும் அவளால் தாங்க முடியாது.

"முதல்ல சாப்பாடு" என்றாள். "நம்ம கூட்டத்துக்கு வந்தவங்க பட்டினியாப் போகக் கூடாது. அவங்களுக்கும் போடுங்க."

கேரினுக்கான தட்டை அவளே எடுத்துப்போனாள். மக்காச்சோளக் களி, மேலே கறி. இது என்ன கறி என்று கேரின் கேட்டாள். கெர்சன் சொன்னான். அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கறி படாத பக்கமாகக் களியை மட்டும் தின்றாள். அவர்களில் ஒரு கிழவர் எல்லாவற்றையும் தின்றுவிட்டு எலும்பை உறிஞ்சினார்.

"அந்தப் பெரியவர் நம்ம ஆளு" என்றான் லூட்விக். "சட்டையைக் கழட்டிட்டு இங்க வந்து உக்காரச் சொல்லு."

ஒட்டீலி கெர்சனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இனிமே நாங்க பேசறது எதையும் இங்கிலீஷ்ல சொல்லாதே."

"கேப்பாங்களே பெரியம்மா."

"உறுப்பினர் விஷயம்னு சொல்லு."

பிறகு மரத்தடிக்கு வந்து நின்றாள். வெள்ளைக்காரர்கள் தட்டுகளோடு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"மச்சான், அவங்க கேட்டாங்கன்னு சுடாம விட்டா அவங்க தூக்கின கைன்னு சொல்றே. சரி. அவங்க கேட்டாங்கன்னு முப்பது சுட்டா? அப்ப மட்டும் அது யார் தூக்கின கை?"

லூட்விக் கடித்துக்கொண்டிருந்த எலும்பை வாயிலிருந்து எடுத்தான்.

"நேத்து உன் மனசுல என்ன இருந்துச்சு?"

"நேத்து இவங்க இல்லையே."

"இப்பவும் இல்லைன்னு வச்சுக்கோ. கெர்சன் வாயைத் திறக்க மாட்டான். என்ன முடிவு பண்ணோம்னு அவங்களுக்குத் தெரியவே போறதில்லை. தோத்துட்டோம்னு நினைச்சு அழுதுகிட்டே போகட்டும்."

லூட்விக் எதிரில் இருந்தவர்களைப் பார்த்தான். கேரின் அவனைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தாள். அவனும் அசைத்தான்.

"எதிர்லயே உக்காந்து நம்ம கறியைத் தின்னுகிட்டிருக்காங்க. ஒண்ணுமே தெரியாதா?"

"ஒண்ணும் தெரியாது."

அவன் முகத்தில் மெதுவாகச் சிரிப்பு பரவியது. இந்த முறை அது நல்ல சிரிப்பு.

"இந்த வருஷம் ஒண்ணுகூட வேண்டாம்ங்கறவங்க கை தூக்குங்க" என்றாள் ஒட்டீலி.

லூட்விக்கின் கை முதலில் எழுந்தது. எலும்பு இன்னும் அதில்தான் இருந்தது. பிறகு மரத்தடி முழுக்கக் கைகள். கிழங்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், நாற்பது என்று கத்தியவன். ஒட்டீலி தன் கையையும் தூக்கினாள். தோள் வலிக்கும்வரை இறக்கவில்லை.

கேரின் முகத்தைப் பொத்திக்கொண்டாள். என்ன முடிவு என்று கெர்சனைக் கேட்டாள். உறுப்பினர் விஷயம் என்றான் அவன்.

வண்டியில் ஏறுமுன் அவள் ஒட்டீலியிடம் வந்து ஏதோ சொன்னாள். கண் சிவந்திருந்தது.

"குட்டிங்களைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்கன்னு சொல்றாங்க பெரியம்மா."

"நினைச்சோம்னு சொல்லு."

கெர்சன் சொன்னான். கேரின் வண்டியில் ஏறிக்கொண்டாள். அவன் மட்டும் நின்றான்.

"பெரியம்மா, ஒரே வார்த்தை. இப்ப சொன்னா நம்மளைத் தூக்கி வச்சுக் கொண்டாடுவாங்க. சொல்லலேன்னா கண்டபடி எழுதுவாங்க."

"எழுதட்டும். மழை பெய்யும், குட்டிங்க வரும். போட்டோ எடுக்க இவங்களும் வருவாங்க. நீதான் கூட்டிட்டு வருவே. அப்பவும் சொல்லாதே."

அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டான். இந்தமுறை நிமிர்ந்து நடந்தான்.

வண்டி ஆற்றைக் கடந்து மறைந்தது. லூட்விக் பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"அது சரி மாமன் மகளே, அடுத்த வருஷக் கூட்டத்துக்கு இதுல என்ன வேகும்?"

"உன் ஆடு."

அவன் சுரண்டுவதை நிறுத்தினான். மரத்தடி மொத்தமும் அவனையே பார்த்தது.

"எந்த ஆடு?" என்று கேட்டான்.