வலப்பக்கம் பார்க்க ஒன்றுமில்லை

1927 பிப்ரவரி மூன்றாம் தேதி வியாழக்கிழமை, ஜொகூர் பாரு கடற்கரைச் சாலைக் கூலி லயத்து வரிசை அறைகளில் குடியிருந்த நாற்பத்தேழு பேரும் ஊரார் கண்ணுக்குத் தெரியாமல் போனார்கள். சாலைக்குக் கல் உடைத்துப் போட்டவர்களும் அதைத் தினமும் கூட்டுகிறவர்களும் அவர்கள்தான். அன்று காலைதான் கடலோர விடுதியின் வழிகாட்டித் தாள் அச்சாகி வந்திருந்தது. சிங்கப்பூரிலிருந்து பாலம் கடந்து ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு அதில் எட்டு யோசனைகள். பள்ளிவாசலில் செருப்பைக் கழற்றுங்கள். அரண்மனைத் தோட்டத்துக்கு வெயில் ஏறுமுன் போங்கள். ஆறாவது யோசனை இது: பள்ளிவாசலுக்குப் போகும் வழியெல்லாம் முகத்தைக் கடல் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள், வலப்பக்கம் பார்க்க ஒன்றுமில்லை. வலப்பக்கம் பதினைந்து அறைகளும் ஒரு தண்ணீர்க் குழாயும் இருந்தன. அவையும் போயின.

லயத்துக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், சமைத்தார்கள், சண்டை போட்டார்கள். விடியுமுன் நடக்கும் பெரட்டில் வீரமுத்து கங்காணி பெயர் கூப்பிட, ஒவ்வொருவரும் "இருக்கேன்" என்றார்கள். மேற்பார்வையாளனுக்குக் குரல் போதுமானதாக இருந்தது. சாலை சுத்தமாக இருந்தது. யார் கூட்டுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. முன்பும் கேட்டதில்லை.

சாலை கூட்டும் கருப்பாயிக்கும் முதலில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஏப்ரலில், குழாயடிக்குப் போன அவள் மகள் செல்வராணியின் வலது காலில் ஒரு மோட்டார் வண்டி ஏறி இறங்கியது. பிள்ளைக்கு ஏழு வயது. வண்டிக்காரர்கள் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த பதிப்பில் ஒன்பதாவது யோசனை சேர்ந்தது: வழியில் ஒரு மேடு உண்டு, வண்டி குலுங்கும், தொப்பியைப் பிடித்துக்கொள்ளவும்.

தாளை எழுதியவர் விடுதியில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி சாம்பசிவம், யாழ்ப்பாணத்துக்காரர். லயத்தில் எழுத்துத் தெரிந்த ஒருவனை அதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, கருப்பாயி அவர் மேசை முன் போய் நின்றாள்.

"ஐயா, எம்புள்ள காலு மேடா?"

சாம்பசிவம் நிமிர்ந்து காலி அறையைப் பார்த்தார். "குரல் கேக்குது, ஆளைக் காணேல்ல. ஆர் பிள்ளை நீ?"

"மேட்டோட ஆத்தா. நீங்க எழுதித்தான் நாங்க போனோம். திருத்தி எழுதுங்க, வந்துர்றோம். இன்னொரு வண்டி வர்றதுக்குள்ள."

"நான் என்ன செய்யிறது? மனேஜர் சொன்னதைத்தானே எழுதினன். மாத்தினா என்னை வேலையால நிப்பாட்டிப்போடுவினம்."

"சரி சாமி. நீங்க மட்டும் நல்லாத் தெரிஞ்சுக்கிட்டே இருங்க" என்றாள் கருப்பாயி. போகும்போது மைக்கூட்டைத் தாளின் மேல் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலமே வீரமுத்துவைப் பிடித்துக்கொண்டாள். "கங்காணி, ஞாயித்துக்கிழமை பெரட்டு ரோட்டுல."

"பைத்தியமா ஒனக்கு? ஏத்திட்டுப் போயிருவான்."

"குரலுதான் கேக்குதுல்ல? ஒன் தொண்டையப் பாத்துத்தானே கங்காணியாக்குனான். கத்து."

ஞாயிறு காலை பத்து மணிக்கு, பாலத்திலிருந்து வண்டிகள் வரிசையாக வந்த நேரத்தில், நாற்பத்தேழு பேரும் சாலையை அடைத்து நின்றார்கள். வீரமுத்து பெயர் கூப்பிட்டான். வெறும் சாலையிலிருந்து "இருக்கேன், இருக்கேன்" என்று ஆண் குரலும் பெண் குரலும் எழுந்தன. முதல் வண்டி நின்றது. அதன் பின்னால் எல்லாம் நின்றன. கடைசிப் பெயர் செல்வராணி. தாயின் இடுப்பிலிருந்து அவள் "இருக்கேன்" என்றதும் வீரமுத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். வெயில் சாயும்வரை பெரட்டு நடந்தது. பள்ளிவாசலையும் தோட்டத்தையும் அன்று யாரும் பார்க்கவில்லை.

லயம் அதற்குப் பிறகும் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. சாம்பசிவம் ஒன்பதாவது யோசனையை மட்டும் மாற்றினார்: இவ்விடத்தில் வண்டியை நிறுத்தி, அனுமதி கிடைத்தபின் செல்லவும். யாருடைய அனுமதி என்று எழுதவில்லை. வண்டிக்காரர்கள் பழகிக்கொண்டார்கள். குழாயடி வந்ததும் நிறுத்தி, ஒரு கால் அழுத்தியும் ஒரு கால் இழுத்தும் சாலையைக் கடக்கும் காலடிச் சத்தம் அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை காத்திருப்பார்கள். பிறகு வலப்பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல், "ம், போ" என்னும். போவார்கள்.