சாயாத தரை

ஆறு பேருக்கு ஒரே குளியலறை என்றால் காலை ஏழு மணிக்கு அந்த வீடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மகன் ஆய்வுக்கூடத்தில் ரத்தப் பரிசோதனை செய்பவன். எட்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். மருமகள் நர்ஸ், ஒரு வாரம் காலை டூட்டி, ஒரு வாரம் மதியம். பேரப்பிள்ளைகள் இருவருக்கும் ஏழரைக்குப் பள்ளி வேன். தோளில் துண்டோடு வரிசையில் நிற்பதும், "உள்ள என்ன, தூங்கிட்டியா?" என்று கதவைத் தட்டுவதுமாகத்தான் அங்கே பொழுது விடியும்.

அந்தக் குளியலறையின் தரை பிளந்துவிட்டது. பழைய டைல்ஸ் நான்கைந்து பெயர்ந்து, மிதித்தால் பல் ஆடுவதுபோல் ஆடின. பேரன் காலைக் கிழித்துக்கொண்ட அன்று மகன் சொன்னான்:

"யாரையாவது கூப்பிட்டு மாத்திடலாம்ப்பா."

"யாரையாவது எதுக்கு?" என்றாள் மருமகள். "எங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா ரெண்டே நாள்ல முடிச்சுக் குடுத்துடுவாரு."

வீட்டின் பெரியவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். தெரு முழுக்க அவரை 'ஃபிட்டர் ஐயா' என்றுதான் கூப்பிடும். ஒரு தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் இயந்திரங்களைத் தூக்கி நிறுத்தியவர். அவர் நிறுத்திய இயந்திரம் மயிரிழை சாய்ந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. ஓய்வு பெற்று வந்தபோது கையோடு கொண்டுவந்தது ஒரே ஒரு பொருள்: இரண்டடி நீள ரசமட்டம். நடுவில் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் உலகம் சரியாக இருக்கிறது என்று பொருள்.

"பொண்ணு குடுத்த மனுஷனைக் குளியலறையில உக்கார வெச்சு வேலை வாங்கினாங்கன்னு நாலு பேர் பேசணுமா? இந்த வீட்டு மானம் என்ன ஆகிறது?" என்றார். "நாமளே போடுவோம். கை இருக்கு, கருவி இருக்கு, ஞாயித்துக்கிழமை இருக்கு."

சொன்னது அது. சொல்லாதது வேறு. சம்பந்தி டைல்ஸ் பதிக்கும் கொத்தனார். மகன் கல்யாணத்தில் உறவினர் ஒருவர் "சம்பந்தி என்ன பண்றார்?" என்று கேட்டபோது, "கட்டட கான்ட்ராக்டர்" என்று ஃபிட்டர் வாய் கூசாமல் சொல்லிவிட்டார். இரண்டடி தள்ளி நின்றிருந்த சம்பந்தியின் காதில் அது விழுந்ததா இல்லையா என்று பத்து வருடமாக அவருக்குத் தெரியாது. கான்ட்ராக்டர் என்று தான் சொல்லிவைத்த மனிதர் சிமென்ட் ஒட்டிய கரண்டியோடு இதே தெருவில் நடந்து வந்தால்?

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. முதல் ஞாயிறு உளியும் சுத்தியலுமாக உடைத்ததில் வீடு முழுக்கத் தூசி. மகன் இடிபாடுகளைச் சாக்கில் கட்டிச் சுமந்தான். குளிக்க எல்லோரும் மாடி வீட்டுக்குப் போனார்கள். மாடி வீட்டுக்காரர் நல்ல மனிதர்; வாய்தான் கொஞ்சம் நீளம். "டோக்கன் நம்பர் நாலு வரலாம்!" என்று படியில் நின்று கூப்பிடுவார்.

"ஊரான் வீட்டுத் தண்ணியில குளிக்க வெச்சுட்டீங்களே!" என்று ஃபிட்டரின் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "இயந்திரத்துக்கு எண்ணெய் போட்ட கை சிமென்ட்ல என்ன பண்ணப் போவுதோ!"

"பாத்துட்டே இரு."

மூன்றாம் ஞாயிறு டைல்ஸ் பதிக்கும் வேலை. ஃபிட்டர் முழங்காலிட்டு உட்கார்ந்து, நூல் கட்டி, ஒவ்வொரு கல்லாக வைத்தார். வைத்த ஒவ்வொன்றின் மேலும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி அரை இழை விலகினாலும் கல்லைப் பெயர்த்து மறுபடி வைத்தார். வாசலில் தடுப்பாக இருந்த குட்டைப் படியையும் உடைத்து எடுத்துவிட்டு, கூடத்துத் தரையும் குளியலறைத் தரையும் ஒரே மட்டமாக ஓடும்படி செய்தார்.

கலவை வாளியோடு நின்றிருந்த மருமகள் மெதுவாகக் கேட்டாள்: "மாமா, தண்ணி போற பக்கம் வாட்டம் குடுத்தாச்சா? அப்பா எப்பவும் ஓட்டையைப் பாத்துக் கொஞ்சம் சரிச்சு..."

"முப்பத்தஞ்சு வருஷம்!" என்றார் ஃபிட்டர், தலை நிமிராமல். "நான் வெச்சது எதுவும் சரிஞ்சதில்ல. பள்ளத்துல ஓட்டை இருக்கு. தண்ணிக்குப் போற வழி தெரியாதா? எனக்கே பாடமாம்மா?"

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கலவையைக் கிளறினாள்.

வேலை முடிந்ததும் தரை கண்ணாடிபோல் இருந்தது. மகன் படம் எடுத்து உறவுகள் எல்லோருக்கும் அனுப்பினான். "ஃபிட்டர் கை ஃபிட்டர் கைதான்" என்று பதில்கள் வந்தன. அவர் ஒவ்வொன்றையும் மனைவியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

புதுத் தரையில் முதலில் குளித்தது மகன். அடுத்தது மருமகள். அவள் வெளியே வந்தபோது, அவள் பின்னாலேயே தண்ணீரும் வந்தது. குளியலறையில் கணுக்கால் நனையத் தேங்கி, தடுப்பில்லாத வாசல் வழியே கூடத்துக்குள் நடந்து, சோபாவின் அடியில் போய் உட்கார்ந்தது. சரியாக அந்த நேரம் பார்த்துப் புதுத் தரையைப் பார்க்க மாடி வீட்டுக்காரர் வந்து நின்றார்.

"என்ன ஐயா, நீச்சல் குளமும் சேர்த்தா?"

ஃபிட்டரின் முகத்தில் ரத்தம் ஏறியது. உள்ளே போய்க் குனிந்து, ஓட்டையின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். விரலில் ஒரு முடி சிக்கியது. நீளமான கறுப்பு முடி. அந்த வீட்டில் அவ்வளவு நீள முடி ஒருத்திக்குத்தான். மருமகளின் பின்னல் இடுப்பைத் தொடும்.

அவர் அதை எல்லோர் முன்னாலும் தூக்கிப் பிடித்தார்.

"இதோ! இதுதான் அடைச்சிருக்கு. வீட்டை என்னதான் நல்லா கட்டினாலும் புழங்கத் தெரியணும். வளத்த வீட்டுல சொல்லிக் குடுத்திருக்கணும்."

பேரப்பிள்ளைகள் அந்த முடியைப் பார்த்தார்கள். மாடி வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். மருமகள், தலையில் சுற்றியிருந்த துண்டைக் கையால் பற்றிக்கொண்டு, "சரி மாமா. இனிமே பாத்துக்கறேன்" என்றாள்.

ஒற்றை முடி ஒரு குழாயை அடைக்காது என்பது முப்பத்தைந்து வருடம் குழாய்களோடும் இயந்திரங்களோடும் புழங்கியவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நேரத்தில் தெரியாததுபோல் இருந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து மருமகள் கடைசியாகக் குளித்தாள். தலையை இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டாள். குளித்தபின் ரப்பர் துடைப்பானால் தண்ணீரை ஓட்டைக்குத் தள்ளினாள். சரக், சரக் என்று அந்தச் சத்தம் கூடம் வரை கேட்கும். பத்து நிமிடம். டூட்டிக்குத் தாமதமாகி ஈரக் காலோடு ஓடுவாள்.

மூன்றாம் நாள், வீட்டில் யாரும் இல்லாத முற்பகலில், ஃபிட்டர் ரசமட்டத்தை எடுத்துப்போய்த் தரையில் வைத்தார். மூலையில் வைத்தார். ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். வாசலில் வைத்தார். எங்கே வைத்தாலும் குமிழி அசையாமல் நடுவில் நின்றது. வாழ்நாளில் முதல் முறையாக, குமிழி நடுவில் நின்றது அவருக்குத் தப்பாகப் பட்டது. இயந்திரம் சாயக்கூடாது; தண்ணீருக்குச் சாயாமல் முடியாது. ஒரு சின்னப் பெண் வாளியோடு நின்று சொன்னாளே.

அன்று மாலை சொல்லியிருக்கலாம். "சொல்லுவோம்" என்று நினைத்தபோது மகன் யாரிடமோ போனில், "அப்பா ஒரே ஆளா பண்ணினாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். மறுநாள் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார். அதற்கடுத்த நாள், கேட்ட மனைவியிடம், "புது சிமென்ட். இறுகிட்டா சரியாயிடும்" என்றார். சிமென்ட் இறுகியது. அவர் நாக்கும் இறுகியது.

மூன்றாவது வாரம் ஒரு மாலை, மருமகள் டூட்டி முடிந்து வந்தபோது பின்னல் இல்லை. முடியைத் தோளோடு வெட்டியிருந்தாள்.

"என்னடி இது?" என்று மாமியார் பதறிப்போனாள்.

"வார்டுல தொப்பிக்குள்ள அடங்க மாட்டேங்குது அத்தை. இதுதான் வசதி." சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மறுநாள் காலையும் தண்ணீர் தேங்கியது. சரக், சரக். மனைவி கணவரை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சம்பந்தி வந்தார். பக்கத்தில் ஏதோ வேலை பார்த்துவிட்டு, பேரப்பிள்ளைகளுக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். மெலிந்த மனிதர், விரல் நுனிகள் சிமென்டில் வெடித்திருக்கும். மகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்னம்மா, முடியை..."

"வேலைக்கு வசதிப்பா."

அவர் தலையாட்டினார். "கை கால் கழுவிட்டு வரேன் சம்பந்தி" என்று குளியலறைக்குள் போனார்.

போனவர் வரவில்லை. ஃபிட்டர் எழுந்து போய்ப் பார்த்தார். சம்பந்தி பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, ரப்பர் துடைப்பானால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். விருந்தாளியாக வந்த மனிதர்.

"விடுங்க சம்பந்தி! நீங்க போய்..."

"இருக்கட்டும். எனக்குப் பழகின இடம்தானே." உள்ளங்கையைத் தரையில் படிய வைத்துத் தடவினார். "வேலை சுத்தமா இருக்கு. ஜாயின்ட் எல்லாம் நூல் புடிச்ச மாதிரி. வாட்டம்தான் விட்டுப்போச்சு." பிறகு, முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "வெளியாள் யாரோ போட்டிருப்பாங்க போல. அவசரத்துல பாக்க மாட்டாங்க."

உறவுகள் எல்லோருக்கும் போன படம் அவருக்கும் போயிருந்தது. யார் போட்டது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், தப்பித்துக்கொள்ள ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். 'ஆமாம், யாரோ ஒரு ஆள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஃபிட்டர் வாயைத் திறந்தும்விட்டார். அப்போதுதான் திரும்பி, தனக்குப் பின்னால், கூடத்தில், தரைத்துணியோடு நின்ற மருமகளைக் கண்டார். வெட்டிய முடி கழுத்தோரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நான்தான் போட்டேன்" என்றார்.

மகன் எட்டிப் பார்த்தான். ஃபிட்டரின் மனைவியும் வந்து நின்றாள்.

"நான்தான் போட்டேன். தப்பு என்னுது. முடி அடைக்கல."

"எந்த முடி?" என்றார் சம்பந்தி.

ஃபிட்டர் தரையைப் பற்றிய உண்மையைச் சொன்னால் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தார். இப்போது ஒரு தகப்பனிடம், அவர் பெண்ணை என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். விரலில் முடியைத் தூக்கிப் பிடித்ததை, மாடி வீட்டுக்காரர் நின்றதை, 'வளத்த வீட்டுல' என்று சொன்னதை. மூன்றாம் நாளே தெரிந்ததையும் விடவில்லை.  

"எனக்கு மொத நாளே தெரியும் மாமா" என்றாள் மருமகள். "கொத்தனார் பொண்ணுக்கு வாட்டம் தெரியாதா?"

"அப்ப ஏம்மா சும்மா இருந்தே?"

"ஊரெல்லாம் படம் போயிடுச்சு. நானும் சொன்னா இந்த வீட்டுக்குத்தானே தலைகுனிவு."

சம்பந்தி மகளின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துடைப்பானைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"எல்லாத்தையும் பேத்து, சரிச்சுப் போட்டுட்டா சரியாயிடும். நான் வரேன்." சுருட்டிய பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டார். "பகல்லயே வரலாமா சம்பந்தி? இல்ல, தெருவுல ஆள் நடமாட்டம் இல்லாத நேரமா வரட்டுமா? நீங்க சொல்ற மாதிரி."

குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். பத்து வருடத்துக்கு முன் இரண்டடி தூரத்தில் நின்ற மனிதரின் காதில் எல்லாம் விழுந்திருந்தது.

ஃபிட்டர் கைகளைக் கூப்பினார்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு, தெரு நிறைய ஆள் இருக்கும்போது, ஃபிட்டர் வாசல் கேட்டில் நின்றார். சம்பந்தி வந்ததும் அவர் தோளிலிருந்த கருவிப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பை நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

"வேலைக்கு ஆள் வந்தாச்சா ஐயா?" என்றார் படியில் நின்ற மாடி வீட்டுக்காரர்.

"ஆள் இல்ல. என் சம்பந்தி. டைல்ஸ் கொத்தனார். நான் கெடுத்ததைச் சரி பண்ண வந்திருக்கார். அன்னிக்கு நான் என் மருமகளைச் சொன்னது பொய்."

மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து கேட்டை விரியத் திறந்துவிட்டார்.

இரண்டு ஞாயிறு வேலை நடந்தது. தான் பதித்த கற்களை ஃபிட்டரே உளியால் பெயர்த்தார். கலவை குழைத்துக் கொடுத்தார். ரசமட்டத்தை அவர் நீட்டியபோது சம்பந்தி மறுக்கவில்லை. வாங்கி, ஒவ்வொரு கல்லையும் ஓட்டைப் பக்கம் சற்றே சரித்து வைத்து, குமிழி நடுவை விட்டு விலகி நிற்கும்படி வேலை பார்த்தார்.

தரை இறுகிய பிறகு ஃபிட்டர் ஒரு குவளைத் தண்ணீரை மூலையில் ஊற்றினார். அது தயங்காமல் ஓடி ஓட்டையில் இறங்கியது. பேரப்பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

மருமகள் டூட்டிக்குக் கிளம்ப, கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். தோளிலேயே முடி முடிந்துபோனது. சீப்புப் பிடித்த கை மட்டும் பழக்கத்தில் இடுப்பு வரை வெறுமனே போய் வந்தது.

ஃபிட்டர் தலை குனிந்தார்.