என் பொய்க்கு நான்கு சாட்சி

என் மகன் அரவிந்தன் பதினெட்டு ஆண்டுகளாக ஒன்றைத்தான் ஆராய்கிறான்: பெரிய நாடுகள் சின்ன நாடுகளை எப்படி வளைக்கின்றன என்பதை. துறைமுகம் கட்டித் தருவார்களாம், பத்திரிகையை வாங்குவார்களாம், தேர்தலில் ஆள் நிறுத்துவார்களாம். அதற்காகவே ஒரு தீவு நாட்டுக்குப் போனான். ஒற்றன் என்று அங்கே சிறையில் அடைத்துவிட்டார்கள்.

அவர்கள் காட்டும் ஆதாரம், எங்கள் சாலவாக்கம் பஸ் ஸ்டாப்பில் நான் வைத்த ஃப்ளெக்ஸ் பேனர். அவன் புத்தகத்துக்குப் பரிசு கிடைத்தபோது வைத்தது. போலீஸில் சேர்ந்தவனுக்கே இருபதடி வைக்கிற ஊர். வாசகம் என்னுடையது: 'தீவு தேசத்து அரசுகளையே ஆட்டிவைக்கும் எங்கள் குலக்கொழுந்தே!' அது நிஜமா என்று போனில் கேட்ட அந்த நாட்டு நிருபரிடமும், "எங்கள் குடும்பம் பொய் எழுதாது" என்றேன்.

நாளை விசாரணை. அந்த வாசகம் பொய் என்று நான் எழுதித் தர வேண்டும். நான் பெருமைக்குப் பொய் சொல்பவன் என்று ஊரார் நால்வரும் எழுதித் தர வேண்டும். அங்குள்ள வக்கீல் கேட்டது இது.

உத்திரமேரூர் வக்கீல் பெஞ்சமின், எங்கள் கழனியில் நாற்று நட்ட சிட்டம்மாளின் மகன். அவன் நாற்காலியில் இருந்தான், நான் நின்றேன்.

"பொய்னு வேணாம்பா. மிகைனு போடு."

"மிகைன்னா கொஞ்சம் நெசம் கீதுன்னு ஆயிடும்யா."

"எங்க வம்சத்துல எவனும் அப்டி எழுதிக் குடுத்ததில்ல."

"பொய்ய மட்டும் ஃப்ளெக்ஸ்ல எழுதிக் குடுத்தீங்களே மாமா," என்றாள் கூட வந்திருந்த மருமகள் திவ்யா. "அவரு அங்க தரையில படுத்துக்கினு கீறாரு. உங்களுக்கு ஒரு வார்த்த பேஜாரா கீதா?"

கையெழுத்திட்டேன்.

பிறகு ஊருக்குள் வீடு வீடாகப் போனேன். முத்துவேல் கையெடுத்துக் கும்பிட்டான். "உங்களப் போயி பொய்யருன்னு எழுதுவனா? நாக்கு அயுகிடும்." எல்லா வீட்டிலும் அதே மரியாதை. நாற்பது ஆண்டு முதுகு வளையாமல் சேர்த்தது, இப்போது என் பிள்ளையின் கழுத்தில் சுருக்கு.

கடைசியாக, இதுவரை மிதிக்காத தெருவில் சிட்டம்மாளின் வாசலில் நின்றேன்.

"இன்னாங்கய்யா, வூடு தேடி வந்துகிறீங்க?"

"சிட்டம்மா, ஏரிக்கர மனைய உன் பேருக்கு எழுதித் தரேன்னு ஊர் முன்னால பெருமைக்குச் சொன்னனே, தந்தனா?"

அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"இல்ல."

"சொல்லவே இல்லன்னு பஞ்சாயத்துல சாதிச்சேன். அத எழுது."

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். இன்னும் மூன்று பேர் வேண்டும்.