நெட்டையின் ஃபோல்டர்

கணினிக்கு முன்னால் மென்பொருள்காரர் உட்கார்ந்திருந்தார். ஜன்னலோர பெஞ்சில், காது மெஷின் கடைக்காரம்மா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு. கதவோரம், துவைத்த துணிகளை மடித்தபடி மென்பொருள்காரரின் மனைவி. இன்னொரு நாற்காலி காலி. அங்கே உட்கார்ந்து வேலை பார்த்தவன் மனைவியின் தம்பி. நெட்டை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

காதுக்குத் தக்கபடி மெஷினைச் சரிசெய்யும் புரோகிராம் திறக்க மறுக்கிறதென்று, கடைக்காரம்மா கணினியையே தூக்கி வந்திருந்தார். திரையில் ஒரே வரி: ஒலியைப் பிரிக்கும் லைப்ரரி கோப்பைக் காணவில்லை.

"அதே பேர்ல வேற ஒண்ணு இருக்கு, ஒப்பேத்திடலாம்" என்று மென்பொருள்காரர் அதைப் போட்டார். புரோகிராம் எட்டிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

"பேரு ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணாயிடுமா?" என்றாள் மனைவி, தலை நிமிராமல்.

புரோகிராம் கோப்பை எங்கே தேடுகிறதென்று பார்த்தார். நிரலைக் கம்பைல் செய்து புரோகிராமாக்கிய அன்றே உள்ளே பதிந்துபோன இடம், நெட்டையின் பெயரிலிருந்த ஃபோல்டர். போன வாரம் கடைக்குப் போயிருந்தபோது, இவன் பேர் இனி எதற்கென்று இந்தக் கணினியிலிருந்து அதைத் துடைத்தவர் அவரேதான். மறுபடி கம்பைல் செய்யலாமென்றால் நெட்டை எழுதிய மூல நிரலும் இல்லை. அவனோடு சண்டை முற்றிய அன்று, "உன் சாமான் ஒண்ணுகூட இங்க இருக்கக் கூடாது" என்று கத்தியிருந்தார். மச்சானும் சொன்னபடியே, நிரல் உட்பட எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

"நானே புதுசா எழுதணும்மா. மாசக்கணக்கில ஆகும்."

"அதுவரைக்கும் வர்றவங்ககிட்ட சைகையிலயா பேசுறது? வேற ஆளைப் பாத்துக்குறேன், விடுங்க." கடைக்காரம்மா கணினியோடு கிளம்பிவிட்டார்.

"உன் தம்பிகிட்ட நீ ஒரு வார்த்தை கேளேன்" என்றார் மனைவியிடம்.

"துரத்துனது நீங்க. உங்க போனை அவன் எடுக்க மாட்டான். லெட்டர் எழுதுங்க."

கோப்பு வேண்டுமென்று எழுதியதைக் கிழித்துப் போட்டார். மறு தாளில் 'நலம்' என்று வழக்கம்போல் தொடங்கி, அதை அடித்தார்.

'மச்சான், உன் பெயரில் இருந்ததை அழித்தேன். எல்லாம் அதைத் தேடித்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பது அழித்த பிறகுதான் உறைத்தது. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. உன் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.'

மனைவி வாசித்தாள். "கோப்பைக் கேக்கவே இல்லையே?"

"கேட்டா, அதுக்காகத்தான் எழுதினேன்னு நினைப்பான்."

உறையைக் கையில் எடுத்தவருக்கு விலாசம் தெரியவில்லை. அவள் வாங்கி எழுதினாள், பசை தடவி ஒட்டினாள், செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைத் தபால் பெட்டியில் தானே போட்டுவிட்டு வந்தாள்.