ஒரு புள்ளிகூட இல்லாத தட்டு

மதுரைக் கடைகளுக்குப் போன ஆட்டுக்கறி பாக்கெட்டுகள் நாறுவதாகப் புகார் வந்ததும், உச்சிப்புளிப் பக்கத்துக் கறிக் கம்பெனியின் மேலாளர் குருநாதன் பழியை ஆடுகள்மேல் போட்டார். கடலாடிப் பக்கத்து ஆடுகள் எல்லாம் சீக்கு என்று சொல்லி, அங்கே ஆடு வளர்க்கும் பால்சாமியின் ஆடுகளையும் திருப்பி அனுப்பினார். அதே கம்பெனியின் ஆய்வகத்தில்தான் பால்சாமியின் மகள் சத்யப்பிரியா வேலை பார்த்தாள்.

பாக்கெட்டில் கறிக்கு அடியில் வைக்கும், ரத்தநீரை உறிஞ்சும் தாள்மேல்தான் அவளுக்குச் சந்தேகம். மாதிரி கேட்டாள். குருநாதனே பையில் போட்டுக் கொடுத்தார். தாளை வெட்டி, கிருமி நீக்கிய உப்புநீரில் குலுக்கி, அந்த நீரைக் கிருமி வளர்க்கும் அகார் தட்டில் பரப்பி, இரண்டு நாள் இன்குபேட்டரின் இளஞ்சூட்டில் வைத்தாள். பாக்டீரியா உயிரோடு இருந்தால் பெருகிப் புள்ளியாகத் தெரியும். புள்ளிகளை எண்ண வேண்டியதுதான்.

ஒரு புள்ளிகூட இல்லை. புதுத் தாளிலேயே நாலைந்து வருமே! மிச்சத் தாள் இருந்த பையைத் திறந்து முகர்ந்தாள். சானிடைசர் நெடி. கிருமியைக் கொன்றுவிட்டுத்தான் கொடுத்திருக்கிறார்.

கையுறை மாட்டிக்கொண்டு குடோனுக்குப் போனாள். ஒழுகும் கூரைக்கடியில் தாள்கட்டுகள் ஊறிக் கிடந்தன. தானே மாதிரி எடுத்துச் சோதித்தாள். இம்முறை தட்டு முழுக்கப் புள்ளிகள் அப்பிக் கிடந்தன. நீரை நூறு மடங்கு நீர்க்கச் செய்த பிறகுதான் எண்ணவே முடிந்தது.

தட்டுகளையும் அந்தப் பையையும் குருநாதன் மேசைமேல் வைத்தாள்.

"சானிடைசர் அடிச்சுக் குடுத்தீகளா சார்?"

"வேக வச்சுத்தானம்மா திங்கப் போறாக. லோடு ஏறிக்கிட்டிருக்கு, கறி நல்லாருக்குன்னு கையெழுத்தப் போடு."

"பச்சக் கறியத் தொட்ட கையோடதான் வெங்காயம் அரிவாக. பிள்ளைக்குச் சோறும் ஊட்டுவாக. நீங்க நனையவிட்ட தாளுக்கு எங்கய்யா ஆடா சீக்கு? போட மாட்டேன்."

"உனக்கு வேல வேணாமா?"

அவள் முதலாளி மாலதிக்குப் போன் போட்டாள். "இந்த லோடு போகட்டும்மா, அடுத்ததுல பாத்துக்குவோம்" என்றார் மாலதி.

"அப்ப தட்டோட உங்க வீட்டுக்கே வாரேன் மேடம். அப்புறமும் அனுப்புறதுன்னா, கடைக்காரங்களுக்கு நானே சொல்லிருவேன்."

மாலதியே வந்துவிட்டார். தட்டுகளைப் பார்த்தார், பையை முகர்ந்தார். அந்தத் தாள் வைத்து லாரியில் ஏற்றிய கறியை இறக்கிப் புதைக்கச் சொன்னார். குருநாதனை மட்டும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. அவர் மாலதியின் தம்பி.

"இனி மாதிரிய நான்தான் எடுப்பேன். குடோன் சாவி எங்கிட்ட இருக்கட்டும்" என்றாள் சத்யப்பிரியா. மாலதி தலையசைத்தார்.

குருநாதன் சாவியை மேசையில் வீசினார். அவள் எடுக்கவில்லை.

"எங்கய்யாவுக்குப் போன் போட்டு, ஆட்டுல ஒண்ணும் குத்தமில்லன்னு சொல்லுங்க. அப்புறம் சாவியக் கையில குடுங்க."

மாலதி தம்பியைப் பார்த்தார். குருநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு போனை எடுத்தார்.