மாதிரிக்கு ஒரு கொடை

ஆராய்ச்சி செய்வது ஒரு வேலை. ஆராய்ச்சி மையத்தை நடத்துவது முற்றிலும் வேறு வேலை. முன்னதற்கு மூளை வேண்டும். பின்னதற்கு முதுகு போதும், அதுவும் பொதி சுமந்து பழகிய முதுகாக இருந்தால் விசேஷம். ஐம்பத்தேழு வயதில் விஸ்வேஸ்வரனுக்கு இது நன்றாகவே விளங்கிவிட்டிருந்தது. விளங்கி என்ன செய்ய? மாட்டிக்கொண்டாயிற்று.

பண்பாட்டை எல்லாத் துறைக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஆராயட்டும் என்று தில்லியிலுள்ள ஒரு தேசியப் பல்கலைக்கழகத்துக்கு எண்பதாம் ஆண்டு ஞானோதயம் வந்தது. மட்டாஞ்சேரியில் ஒரு மையத்தைத் திறந்து, பாலக்காட்டுக்காரரான விஸ்வேஸ்வரனை அதற்கு இயக்குநராக்கியது. இடம், கடைத்தெருவில் ஓர் அரிசிக் கிடங்கின் மாடி. கீழே அரிசி, மேலே ஆராய்ச்சி, இரண்டுக்கும் பொதுவாக எலி. ஒலிநாடாவைக்கூட விட்டுவைக்காத எலி. ஒன்றாக உட்கார வேண்டிய துறைக்காரர்களோ ஒன்றாகச் சாயா குடிக்கக்கூட மாட்டார்கள். சரித்திரக்காரர் பிச்சுமணி, மானிடவியல்காரர் வெங்கடேஸ்வரன் இருக்கும் அறைக்குள் கால் வைக்க மாட்டார். ஆனால் ஒரு துறைக்காரர் எழுதியதில் இன்னொரு துறைக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் போகலாம் என்பது மையத்தின் சட்டம். சட்டம் போட்ட புண்ணியவான் தில்லியில் நிம்மதியாக இருந்தான். விஸ்வேஸ்வரன் இங்கே கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, கல்யாணத் தரகர் மாதிரி இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடந்துகொண்டிருந்தார். அவர் சொந்தமாக ஒரு பக்கம் எழுதி வருஷங்கள் ஆகிவிட்டன.

ஐந்து வருஷம் முடியப் போனது. மையம் தொடரலாமா, இழுத்து மூடலாமா என்று பார்க்க டிசம்பர் தொடக்கத்தில் ஒரு குழு வரும் என்றது தில்லி. குழுத் தலைவர் டெலிபோனிலேயே மனசைத் திறந்து காட்டிவிட்டார். கட்டுரைகளையெல்லாம் படித்தாகிவிட்டதாம், நன்றாகத்தான் இருக்கிறதாம். ஆனால் ஆராயப்படும் மக்கள் எங்கே? மக்களோடு உயிருள்ள உறவில்லாத மையத்துக்கு இன்னும் ஐந்து வருஷம் கொடுப்பது கஷ்டமாம்.

விஸ்வேஸ்வரன் டெலிபோனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார். மூடிவிட்டால் பிச்சுமணிக்கும் வெங்கடேஸ்வரனுக்கும் எங்காவது ஒரு கல்லூரி கிடைக்கும். கமலாக்ஷிக்கு? அவள் மையத்தின் ஆய்வாளர். பள்ளுருத்தியில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு மூட்டினார்கள். அவளுடைய ஆய்வேடும் பாதியில் நின்றுவிடும்.

அந்த ஆய்வேடே அவருக்கு யோசனையைக் கொடுத்தது. கீழே கிடங்கில் மூட்டை சுமக்கிறவர்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். கிடங்குக்குப் பின்னால், கால்வாயோரம், அவர்கள் ஒரு முப்பிடாதி அம்மனை வைத்துக் கும்பிட்டார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, சித்திரையில், அம்மனுக்குக் கொடை, அதாவது திருவிழா. அந்தக் கொடையைத்தான் கமலாக்ஷி மூன்று வருஷமாகப் பார்த்து எழுதி வந்தாள். வரும் சித்திரையோடு வேலை முடியும். அந்தத் தடவை எல்லாத் துறைக்காரர்களும் சேர்ந்து முழுக்கொடையையும் பதிவு செய்வதென்று, அதிசயமாக, பிச்சுமணியும் வெங்கடேஸ்வரனும்கூட ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

"அதைக் கொஞ்சம் குழுவுக்குக் காட்டினா என்ன?" என்றார் விஸ்வேஸ்வரன்.

கமலாக்ஷிக்கு முகம் சுண்டிவிட்டது. "வேண்டாம் சார். அவாளுக்கு நடிச்சுக் காட்டத் தெரியாது, கேட்டேளா."

"நடிக்க யாரு சொன்னா? கொஞ்சம் மேளம், ரெண்டு பாட்டு. சும்மா ஒரு மாதிரிக்கு. அரை மணி நேரக் காரியமாக்கும்."

"சாமி காரியத்துல மாதிரி ஏது சார்?"

"கமலாக்ஷி, இதை மூடிட்டா ஆத்துல போய் அம்மாகிட்ட என்ன சொல்லுவாய்?"

அவள் கையிலிருந்த குறிப்பேட்டை மூடினாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கே பட்டது. ஆனால் சொன்னால்தான் காரியம் நடக்கும் என்று ஆகும்போது மனுஷன் எதையும் சொல்லிவிடுகிறான். அவருக்கும் அலுத்துப் போயிருந்தது.

சங்கிலிப்பாண்டிதான் சுமைக்காரர்களுக்குத் தலைவர். அவரைக் கூப்பிட்டுச் சொன்னதும் தலையைச் சொறிந்தார்.

"இப்பமா சார்? அம்மைக்குச் சித்திரையிலல்லா கொடை?"

"கொடை வேண்டாம் பாண்டி. சும்மா ஒரு மாதிரிக்கு."

"அப்படின்னா?"

எப்படி விளக்குவது என்று விஸ்வேஸ்வரனுக்குத் தெரியவில்லை. "தில்லியிலேருந்து பெரியவா வரா. உங்க கொடை எப்படி இருக்கும்னு அவா பார்க்கணும். பிடிச்சாத்தான் இந்த ஆபீஸ் இருக்கும். இல்லேன்னா மூடிடுவா."

"மூடிருவாவளா?" சங்கிலிப்பாண்டி பதறிவிட்டார். "அப்பம் நம்ம கமலாக்ஷியம்மா எங்க போவும்? பொறுங்க சார், அம்மைகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லுதேன்."

மறுநாள் சிரித்துக்கொண்டே மாடி ஏறி வந்தார். "உத்தரவு ஆயிட்டு சார். நீங்க ஒண்ணுக்கும் கவலப்படாதீக."

அப்பாடா என்று இருந்தது விஸ்வேஸ்வரனுக்கு. அந்த உத்தரவு எப்படிக் கேட்கப்படும், கிடைத்தால் ஊர் அதற்கு எப்படிக் கட்டுப்படும் என்று இள வயதில் ஒரு புத்தகத்தில் அத்தியாயமே எழுதியவர் அவர். அதெல்லாம் அன்றைக்கு அவர் நினைவில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கூரை ஒழுகலை அடைக்க ஆள் தேடப் போய்விட்டார். குழு வரும்போது தலைவர் தலையில் சொட்டினால் யார் பதில் சொல்வது?

குழு வந்தது. உச்சிவெயிலில் கிடங்குக்குப் பின்னால் நாற்காலிகளைப் போட்டு அவர்களை உட்காரவைத்தார்கள். மழை விட்டிருந்தது. சுக்கும் மிளகும் கலந்த கடைத்தெரு வாசனைக்குத் தலைவர் இரண்டு தும்மல் தும்மினார். விஸ்வேஸ்வரன் அவருக்கு விசிறியைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அதைப் பார்த்தார்.

அம்மன் முன்னால் கொடைக்கான பந்தக்கால் நட்டிருந்தது. அதில் கட்டிய மாவிலை வாடிச் சுருண்டிருந்தது. அன்றைக்கு நட்டதில்லை, எட்டு நாளாவது ஆகியிருக்கும். சுமைக்காரர்கள் எல்லோர் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு. அரிசி புடைக்கிற மாயம்மாள்தான் சாமியாடி. விரதத்தில் அவள் கண் உள்ளே போய்க் கன்னம் ஒட்டியிருந்தது.

கமலாக்ஷி அவர் காதருகே வந்தாள். "சார், காப்புக் கட்டியிருக்கா. நெஜக் கொடையாக்கும் இது."

"பார்த்தேன்."

"நிறுத்தச் சொல்லுங்கோ சார். இன்னும் அம்மன் எறங்கல்லே."

நிறுத்தியிருக்கலாம். எழுந்து போய்ப் பாண்டியின் தோளைத் தொட்டால் போதும், பத்தடி தூரம்தான். அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முன்னால் சாய்ந்து, குழந்தை மாதிரி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வருஷத்தில் தில்லிக்காரர் ஒருவர் முகத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை விஸ்வேஸ்வரன் கண்டதே இல்லை. அவர் எழுந்திருக்கவில்லை.

மேளம் ஏறியது. மாயம்மாள் ஒரு கூச்சல் போட்டாள். அம்மன் இறங்கினாள். ஆடி, குறி சொல்லி, எல்லோர் நெற்றியிலும் திருநீறு பூசி, கடைசியில் தலைவர் நெற்றியிலும் பூசினாள். ஆட்டம் அடங்கி அவள் சாய்ந்ததும் தலைவர் எழுந்து கை தட்டினார். கூட வந்தவர்களும் தட்டினார்கள். கொடையில் யாரும் கை தட்டிப் பார்த்திராத சுமைக்காரர்கள் திகைத்துப்போய் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் மரியாதைக்கு அவர்களும் தட்டினார்கள்.

பொங்கலுக்குத் தந்தி வந்துவிட்டது. மையத்துக்கு இன்னும் ஐந்து வருஷம். குழு இனி ஒவ்வொரு டிசம்பரிலும், அதே தேதிக்கு, வந்து பார்க்கும். பிச்சுமணியும் வெங்கடேஸ்வரனும் ஒரே தட்டிலிருந்து பழம்பொரி எடுத்துத் தின்றார்கள். கமலாக்ஷியின் அம்மா பாயசம் கொடுத்தனுப்பினாள். விஸ்வேஸ்வரனும் குடித்தார், நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்குப் பார்த்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, கமலாக்ஷியும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் நடக்காததாகிவிடும் என்று படித்தவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

சித்திரை பிறந்தது. ஒலிப்பதிவுக் கருவி, புகைப்படக்காரர், பிச்சுமணியின் கேள்விகள், வெங்கடேஸ்வரனின் எதிர்க்கேள்விகள் எல்லாம் தயார். கிடங்குக்குப் பின்னால் கால் மட்டும் நட்டிருக்கவில்லை. கமலாக்ஷி போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

"கொடை கழிஞ்சாச்சாம் சார். வருஷத்துக்கு ஒண்ணுதானாம். அம்மன் எறங்கி, வாங்கிண்டு போயாச்சாம்."

"அப்போ உன் தீசிஸ்?"

"அன்னிக்கு நான் ஒண்ணும் குறிச்சுக்கல்லே சார். நாற்காலி போட்டுண்டு இருந்தேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. மேஜையில் கிடந்த ஒலிநாடாக்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் திரும்ப வைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. சடங்கைப் படிக்கிறேன், காப்பாற்றுகிறேன் என்று ஆயுசு முழுக்கப் பேசிவிட்டு, ஒரு குழுவின் மத்தியானத்துக்காக அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டோமே என்று விஸ்வேஸ்வரனுக்கு வெட்கமாக இருந்தது. மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். வழி நெடுக மன்னிப்புக்கு வார்த்தை தேடினார்.

சங்கிலிப்பாண்டி கிடங்கு நிழலில் சாக்கை விரித்துப் படுத்திருந்தார். இவரைக் கண்டதும் எழுந்து துண்டை உதறினார். "வாங்க சார். சாயா சொல்லட்டா?"

"வேண்டாம் பாண்டி. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். எங்களுக்காக நீங்க மாசத்தை மாத்தியிருக்கவே கூடாது. அடுத்த வருஷம் பழையபடி சித்திரையிலேயே வெச்சுக்கோங்கோ. யாரு வந்து கேட்டாலும், நானே கேட்டாலும், முடியாதுன்னு சொல்லிடுங்கோ."

சங்கிலிப்பாண்டி அவரை உற்றுப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல வாடியது.

"ஏன் சார்? தில்லிக்காரவுகளுக்கு எங்கம்மை கொடை பிடிக்கலயா?"

"ஐயோ, அது இல்லை..."

"மாயம்மாவுக்கு அன்னைக்கு மேலுக்குச் சரியில்ல சார். காய்ச்சலோடதான் விரதம் இருந்தா. அதான் ஆட்டம் கொஞ்சம் கொறஞ்சு போச்சு." அவர் குரல் தாழ்ந்தது. "அந்தப் பெரியவர் கை தட்டுனாரே, அது கிண்டலுக்கா சார்?"

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாயம்மாளின் கை நின்றுவிட்டது. பக்கத்திலிருந்த பெண்களும் நிறுத்திவிட்டார்கள். படுத்திருந்த சுமைக்காரர்கள் இரண்டொருவர் எழுந்து உட்கார்ந்தார்கள். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். மன்னிப்புக்கென்று கொண்டுவந்த வார்த்தைகளில் ஒன்றுகூட இந்த இடத்துக்கு உதவவில்லை.

"கிண்டல் இல்லை பாண்டி," என்றார். "அவாளுக்கு ரொம்பப் பிடிச்சுது. அதனாலதான் எங்களுக்கு அஞ்சு வருஷம் கெடைச்சிருக்கு."

"பின்ன என்ன சார்! உசுரே போயிட்டு எனக்கு." சங்கிலிப்பாண்டி தொடையில் தட்டிச் சிரித்தார். "சித்திரையில பாதிப்பேரு ஊருக்குப் போயிருதான். வெயிலும் மண்டயப் பொளக்கு. மழ விட்டதும் வைக்கது நல்லதுதான்னு எங்க ஆளுவளே சொல்லுதாவ. அம்மையும் சம்மதிச்சுட்டா. இனி அதே மாசந்தான் எங்களுக்கு. அவுக அடுத்து என்னைக்கு வாராவன்னு சொல்லுங்க, அதுக்குத் தக்கன கால் நாட்டிருவோம்."

வேண்டாம் என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்க்க விஸ்வேஸ்வரனுக்குத் தெம்பு இல்லை. சொன்னால் அந்த முகங்கள் மறுபடியும் வாடும். சொல்லாவிட்டால் அம்மனின் நாளைத் தில்லி குறிக்கும்.

"டிசம்பர் அஞ்சு," என்றார்.

"ஏட்டி மாயம்மா, டிசம்பர் அஞ்சாந்தேதியாம்! அந்தப் பெரியவரும் வாராராம்!"

மாயம்மாள் சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, விஸ்வேஸ்வரனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.