இரண்டு வரிசையிலும் அண்ணன்

கல் அறுக்கும் ஆலையின் மருத்துவ அறையில், நர்ஸ் பத்துத் தொழிலாளிகளை இரண்டு விதமாகத் தரவரிசைப்படுத்தினாள்: தூசியில் உழைத்த வருஷம், ஊதிக் காட்டிய மூச்சின் பலம். இரண்டு வரிசையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணக்கிட்டால் மைனஸ் பூஜ்யம் புள்ளி ஒன்பது வந்தது; முழுக்கத் தலைகீழ் என்றால் மைனஸ் ஒன்று. அதாவது, வருஷம் ஏற ஏற மூச்சு இறங்குகிறது.

“ஒரு லிஸ்ட்டைத் தலைகீழா போட்டுட்டியா பாரும்மா. எல்லாரும் பண்ற தப்புதான்,” என்றார் டாக்டர்.

தப்பே விடாதவள், இன்றைக்கு ஒருநாள் விட்டிருக்கக் கூடாதா? மறுபடி பார்த்தாள். இரண்டிலும் அதிகம் உள்ளவருக்கே முதலிடம். சரியாகத்தான் போட்டிருந்தாள்.

வருஷத்தில் முதலிடம் அவள் அண்ணனுக்கு. மூச்சில் பத்தாமிடமும் அவனுக்கே.

கதவருகே அவன் மூச்சு வாங்கச் சிரித்தான். “என்ன தங்கச்சி, நான்தானே ஃபர்ஸ்ட்டு?”

“ஆமாண்ணா,” என்று தாளைக் கவிழ்த்தாள்.